கோச்சோடு ஆடிய 156 செட்

என் ஷட்டில் கோச்சிடம் முதல் தடவை ஒரு செட் ஜெயித்தபோது, திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். 21-19. அந்த ஸ்கோரை நான் சொல்லாத ஆள் இல்லை. வீட்டில் மாமியாரிடம்கூடச் சொன்னேன், அவரும் சந்தோஷப்பட்டு நெற்றியில் திருநீறு வைத்துவிட்டார். அந்த செட்டை கோச் எனக்கு விட்டுக்கொடுத்தார் என்று தெரிய மேற்கொண்டு பத்து மாதம் ஆனது. அதற்குள் பணம் போனது, அப்புறம் ஆடுசதை கிழிந்து இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அந்த இரண்டு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கோச்சோடு மட்டுமே மேட்ச் ஆடிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் இதைப் படித்தாலும் எனக்குத் திருப்திதான்.

நான் கிருஷ்ணகிரிக்காரி. அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், வயது 37. 2023 ஜூனில் ரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எனக்கு நடப்பது அலுப்பு. சின்ன வயதில் டெனிகாய்ட் ஆடி குறுவட்டப் போட்டி வரைக்கும் போனவள் நான், எதிரே ஒரு ஆள் நின்றால்தான் எனக்கு உடம்பு அசையும். அதனால் ஊரை ஒட்டியிருக்கும் ஒரு ஷட்டில் அரங்கில் சேர்ந்தேன். தகரக் கூரை, மூன்று கோர்ட். விடியும்போது வாசலில் நின்றால் சையத் பாஷா மலை மெல்லத் தெரியும். மாதம் 1,500 ரூபாய், காலை ஆறு மணி பேட்ச்.

அந்த பேட்சில் பதினாலு பேர். பெண்கள் நானும் ஒரு நர்ஸும் மட்டும். அவருக்கு நைட் டியூட்டி மாறியதும் இரண்டாவது மாதமே நின்றுவிட்டார். ஆண்கள் நாலு நாலு பேராகப் பிரிந்து டபுள்ஸ் ஆடுவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. "வாங்க டீச்சர்" என்று ஒரு ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், என் பக்கம் வரும்போது மட்டும் மெதுவாகத் தட்டிவிடுவார்கள். ஆட்டம் சூடு பிடித்த பிறகு நான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சின்ன ஊரில் முப்பது வயதைத் தாண்டி ஷட்டில் ஆட வரும் எல்லாப் பெண்களுக்கும் இது நடக்கும் என்று நினைக்கிறேன். ஆட எதிராளி கிடைக்கமாட்டார், கோச் மட்டும்தான் கிடைப்பார்.

எங்கள் கோச் என் தம்பியைவிடச் சின்னவர். கோர்ட்டுக்குள் நான் அவரை "சார்" என்பேன், அவர் என்னை "அக்கா" என்பார். ஆகஸ்டில் ஒருநாள் அவரே சொன்னார்: "அக்கா, வெறும் டிரில் பண்ணிட்டே இருந்தா மேட்ச் வராது. சனிக்கிழமை ஏழரைக்கு கோர்ட் காலியா இருக்கும், நான் உங்ககூட ஆடுறேன்." ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய். மூன்று செட். எனக்கு அது பெரிய கௌரவமாகத் தோன்றியது. மாநில அளவில் ஆடியவர் என்னோடு நின்று பாயிண்ட் எண்ணி ஆடுகிறார்! வெள்ளிக்கிழமை ராத்திரியே ஷூவுக்கு லேஸ் கட்டி வைப்பேன்.

சனிக்கிழமை எப்படிப் போகும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேதான் ஒளிந்திருந்தது. அவர் பின்கோட்டுக்கு உயரமாகத் தூக்கிவிடுவார். நான் போய் அடிப்பேன். அவர் நெட்டுக்கு வைப்பார், நான் ஓடி வந்து எடுப்பேன். மறுபடி பின்னால் தூக்குவார். ஒரு ரேலியில், காக் (பந்து) கீழே விழாமல் பத்து, பன்னிரண்டு தடவை மாறி மாறி அடிப்போம். மூச்சு வாங்கும், ஆனால் மனதுக்குள் அப்படி ஒரு நிறைவு. பாயிண்ட் முடிந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வரும்: "பேட் கீழ போயிடுச்சுக்கா." அடுத்த பாயிண்ட் முடிந்ததும், "இப்ப கால் லேட்டு." நான் தலையாட்டிவிட்டு சர்வ் போடுவேன். அவருடைய டீ-ஷர்ட்டில் ஒரு சொட்டு வேர்வை இருக்காது. ஏப்ரல் மாதம், தகரம் கொதிக்கும் நேரத்தில், என் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அவர் டீ-ஷர்ட் இஸ்திரி மடிப்போடு அப்படியே இருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதற்கு அர்த்தம் என்ன என்று யோசிக்கவில்லை.

நவம்பரில் முதல் வெற்றி, மைசூர்பாகு. அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு செட்டாவது ஜெயித்தேன். கணக்கு டீச்சர் என்பதால் பழக்கதோஷம், ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு ஒவ்வொரு செட்டின் ஸ்கோரையும் எழுதி வந்தேன். 2024 செப்டம்பர் வரை 52 சனிக்கிழமை, 156 செட். அந்த நம்பிக்கையில்தான் ஓசூரில் நடந்த ஒரு ஓபன் போட்டிக்கு, முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் சிங்கிள்ஸில், 600 ரூபாய் கட்டிப் பேர் கொடுத்தேன். கோச் "போய்ப் பாருங்கக்கா, நல்ல அனுபவம்" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று அப்போது எனக்குக் கேட்கவில்லை.

செப்டம்பர் நாலாவது ஞாயிறு, விடியற்காலை பஸ் பிடித்து ஓசூர் போனேன். அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஓசூரைச் சேர்ந்த நித்ய ஸ்ரீ சிவன் பாரிஸ் பாராலிம்பிக்கில், உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்எச்6 ஷட்டில் பிரிவில் வெண்கலம் வாங்கியிருந்தார். அரங்கில் எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்கும் உடம்பு சிலிர்த்தது. நம் மாவட்டத்துப் பெண் அங்கே நிற்கிறாள், நான் ஒரு ரவுண்டாவது தாண்டமாட்டேனா என்று நினைத்தேன். எனக்கு எதிரே வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கையில் பட்டை, கொஞ்சம் கனத்த உடம்பு. வார்ம்-அப்பில் அவர் அடித்த விதத்தைப் பார்த்து எனக்குத் தெம்பு வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கையை முழுசாக நீட்டாமல் பக்கவாட்டில் வெட்டி வெட்டி அடித்தார். எங்கள் கோச் பார்த்தால் அரை மணி நேரம் திருத்துவார்.

21-8, 21-6. இருபது நிமிஷத்தில் முடிந்தது.

முதல் சர்விலேயே ஆரம்பித்தது. குட்டை சர்வ் வரும் என்று நான் முன்னால் சாய்ந்து நின்றேன், அவர் மணிக்கட்டைச் சுண்டி தலைக்கு மேலே அனுப்பிவிட்டார். ஃபிளிக் சர்வ். ஒரு வருஷத்தில் கோச் எனக்கு ஒரு தடவைகூட அதைப் போட்டதில்லை. அடுத்து, அவர் தூக்கும் காக் பின்கோட்டுக்கு வரவே இல்லை. பாதி கோர்ட்டில், தோள் உயரத்தில், எங்கேயோ வந்து விழுந்தது. கோச் எப்போதும் கோட்டுக்கு அளந்து தூக்குவார், என் கால் தானாகப் பின்னால் போகப் பழகியிருந்தது. பின்னால் போன பிறகு காக் முன்னால் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதுவும் இறகு காக். எங்கள் அரங்கில் செலவு கருதி எனக்கு நைலான்தான். நைலான் கொஞ்சம் தள்ளிப் போய் விழும். இறகு அடித்தவுடன் சீறிப் போய், சட்டென்று வேகம் செத்து, செங்குத்தாக இறங்கும். நெட் பக்கத்தில் நான் வைத்த பேட்டுக்கு அரையடி முன்னாலேயே அது விழுந்துகொண்டிருந்தது.

இதோடு முடியவில்லை. என் சர்வில் இரண்டு தடவை அம்பயர் ஃபால்ட் சொன்னார். காக் பேட்டில் படும்வரை இரண்டு காலும் தரையைத் தொட்டுக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். நான் பின்னங்காலை இழுக்கிறேனாம். 156 செட்டில் ஒருமுறைகூட எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை. அதன்பிறகு சர்வ் போடவே கை நடுங்கியது. எல்லாவற்றையும்விட மோசமான ஒன்றை அன்றைக்கு ராத்திரிதான் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு பாயிண்ட் போனதும் நான் தலையைத் தூக்கி எதிர்ப்பக்கம் பார்த்தேன். ஏன் போச்சு என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். எதிரே அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த சர்வுக்கு நின்றார். என் தப்பை நானே கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. 11 பாயிண்டில் ஒரு நிமிஷம் இடைவேளை, இரண்டு செட்டுக்கு இடையே இரண்டு நிமிஷம். அந்த நேரத்தில் நான் தண்ணீர் குடித்தேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று, இது ஏன் நடந்தது என்று நான் பின்னால் புரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக ஆடுபவரின் அடிகளில் ஒரு ஒழுங்கு இருக்கும். உயரம், வேகம், விழும் இடம் எல்லாம் அளவாக வரும். அதிலும் கோச்சாக இருப்பவர் நாள் முழுக்க மாணவருக்குக் காக் போட்டுக் கொடுத்துப் பழகியவர். நீங்கள் எடுத்துத் திருப்பி அடிக்கக்கூடிய இடத்துக்குத்தான் அவர் கை தானாகப் போகும். போட்டியில் எதிரே நிற்பவருக்கு அந்த நல்லெண்ணம் கிடையாது, பல பேருக்கு அந்த அளவான கையும் கிடையாது. பேட்டின் ஓரத்தில் பட்டு வரும், தப்பாக அடித்தது நெட்டை ஒட்டி நல்ல டிராப்பாக விழும். அந்தத் தாறுமாறுக்குப் பழக வேண்டுமென்றால் தாறுமாறாக ஆடுகிறவர்களோடு ஆட வேண்டும். பெரிய வீராங்கனைகளுக்குக்கூடப் பயிற்சி கொடுப்பவர் ஒருவர், எதிரே நின்று ஆடுவதற்கு ஸ்பாரிங் பார்ட்னர்கள் வேறு என்றுதான் வைத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் தலையில் போட்டது என் முதல் தப்பு.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்பில் புள்ளியியல் நடத்துகிறவள், வகுப்பு இடைவெளி போட்டு எண்ணிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? முதல் 33 செட்டில் நான் எடுத்தது ஆறிலிருந்து பதினொன்று. அது நான் புதுசு. நவம்பரிலிருந்து 123 செட். அதில் ஜெயித்தது 23. அந்த 23-ம், ஒன்று பாக்கியில்லாமல், 21-19 அல்லது 22-20. ஒரு தடவைகூட நான் 21-16 என்று ஜெயித்ததில்லை. தோற்ற நூறில் 91 செட்டில் என் பாயிண்ட் 13-க்கும் 17-க்கும் நடுவில். வைரஸ் காய்ச்சல் வந்து எழுந்து, மாடிப்படி ஏறவே முடியாமல் இருந்த வாரத்தில் 15. வாழ்நாளில் இதைவிட நன்றாக ஆடியதில்லை என்று நோட்டில் நட்சத்திரம் போட்டு வைத்த நாளில் 16. மனுஷ உடம்பு வாராவாரம் ஏறி இறங்கும், ஸ்கோர் ஏறி இறங்கவில்லை. அந்த எண்களை என் கை எழுதியது, ஆனால் முடிவு செய்தது வேறு ஒருவர். கேஸ் அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். தோற்றதற்காக அழவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்த ஞாபகம் வந்துதான் அழுகை வந்தது.

அதனால் உங்களிடம் நோட்டுப் போடச் சொல்கிறேன். வெறும் ஜெயம் தோல்வி எழுதாதீர்கள், பாயிண்ட்டை எழுதுங்கள். பத்து வாரம் கழித்துப் பாருங்கள். கோச்சிடம் எடுக்கும் பாயிண்ட் ஒரே பட்டைக்குள் நின்றால், உடம்பு சரியில்லாத நாளும் நல்ல நாளும் ஒரே மாதிரி இருந்தால், ஆட்டத்தை அவர் ஓட்டுகிறார். இன்னொரு அடையாளமும் உண்டு. அவர் தப்பு எப்போது செய்கிறார் என்று கவனியுங்கள். என் கோச் 18-17 வந்தால்தான் நெட்டில் அடிப்பார். 5-5-ல் அவர் கை தப்பியதே இல்லை.

மறுநாள் காலையில் நோட்டோடு போனேன். பேட்ச் முடிந்து எல்லாரும் போன பிறகு, "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டினேன். அவர் இரண்டு பக்கம் திருப்பினார். முகம் மாறிவிட்டது. மறுக்கவில்லை, அதற்கு நான் இன்றைக்கும் அவரை மதிக்கிறேன். "நீங்க ஜெயிச்ச அன்னிக்கு உங்க முகத்தப் பாத்தேன்க்கா. முழுசா ஆடியிருந்தா மூணாவது வாரமே நின்னுருப்பீங்கன்னு நெனச்சேன். இங்க இதுக்கு முன்னாடி ரெண்டு லேடீஸ் அப்படி நின்னிருக்காங்க" என்றார். "சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாமே சார்" என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் நானும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. இந்த மேட்ச் எனக்குப் பயிற்சியா, பரீட்சையா, வெறும் உடற்பயிற்சியா? 300 ரூபாயை கூகுள் பேயில் அனுப்பும்போது அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

இங்கே நின்றிருந்தால் சேதம் குறைவு. ஆனால் ரோஷம் விடவில்லை. "இனிமேல் முழுசா ஆடுங்க சார், ஒரு பாயிண்ட்கூட விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் குற்ற உணர்ச்சியில் சரி என்றார். அடுத்த ஆறு சனிக்கிழமை நான் பட்டது முதல் வருஷத்தைவிடப் பெரிய அவஸ்தை. 21-3. 21-2. 21-4. ரேலியே இல்லை. சர்வ் போடுவேன், திரும்பி வருவதற்குள் காக் காலடியில் கிடக்கும். ஒரு மணி நேரத்துக்கு மூன்று செட் ஆடியது போய், இருபத்தைந்து நிமிஷத்தில் மூன்று செட் முடிந்தது. மீதி நேரம் இரண்டு செட் கூடுதலாகத் தோற்றேன். அதிலிருந்து நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அடியைத் தொடவே முடியாதபோது எதைத் திருத்துவது? அதற்குப் பதில் கண்டதையும் மாற்றினேன். கிரிப்பை மாற்றினேன். அவரைப் போலக் குதித்து ஸ்மாஷ் அடிக்கப் பார்த்தேன். 5,400 ரூபாய்க்கு, தலைப்பக்கம் கனமான ஒரு பேட் வாங்கினேன், பழைய பேட்டில் எந்தக் குறையும் இல்லாதபோதே. முட்டி மோதி ஜெயித்தே தீர வேண்டும் என்று ஆடும்போது உடம்பு சொல்வது காதில் விழாது. வலது ஆடுசதை நாலாவது வாரமே இறுக ஆரம்பித்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் பத்து அடி நொண்டினேன், அப்புறம் சரியாகிவிடும். தைலம் தேய்த்துக்கொண்டு போனேன்.

ஆறாவது சனிக்கிழமை தீபாவளிக்கு அடுத்த வாரக் கடைசி. பலகாரம் சாப்பிட்ட உடம்பு, இரண்டு நாளாக அசையவில்லை, வார்ம்-அப்பும் சரியாகச் செய்யவில்லை. 0-6. பின்னாலிருந்து நெட்டுக்குப் பாய்ந்தபோது யாரோ பின்னாலிருந்து கட்டையால் ஆடுசதையில் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன், பக்கத்துக் கோர்ட் பையன் பேட்டை விட்டுவிட்டானோ என்று. யாரும் இல்லை. காலை ஊன்ற முடியவில்லை. ஆடுசதையின் உள்பக்கத் தசை பகுதியாகக் கிழிந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு இப்படி நிறைய வரும், டென்னிஸ் லெக் என்பார்கள் என்று டாக்டர் சொன்னார். முன்னாலேயே இறுக்கம் இருந்ததா என்று கேட்டார். இரண்டு வாரமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

செலவையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். டாக்டர் ஃபீஸ் இரண்டு தடவை ஆயிரம், ஸ்கேன் 1,800, பிசியோதெரபி பன்னிரண்டு நாள் 4,800, மாத்திரையும் காலுக்குப் பட்டையும் 550. மொத்தம் 8,150. சனிக்கிழமை மேட்சுக்கு மட்டும் 58 வாரத்தில் 17,400. தேவையில்லாத பேட் 5,400. முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. மாதக் கட்டணத்தை நான் நஷ்டத்தில் சேர்க்கவில்லை, சர்க்கரை குறைந்தது அதில்தான். இரண்டு மாதம் பள்ளியில் உட்கார்ந்தே பாடம் நடத்தினேன். முதல் வாரம் கரும்பலகையில் ஒரு பிள்ளை வந்து கணக்கு எழுதிக் கொடுத்தது. அரையாண்டுத் தேர்வு நேரம், மேற்பார்வைக்கு நிற்க முடியாமல் சக டீச்சர்கள் என் வேலையைப் பார்த்தார்கள். அந்தச் சங்கடத்துக்கு எந்தத் தொகை போடுவது என்று தெரியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் சொன்ன ஒன்று எனக்கு ரொம்ப உதவியது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், வலியில்லாமல் 25 தடவை செய்ய முடிந்த பிறகு கோர்ட்டைப் பற்றிப் பேசலாம் என்றார். முதல் நாள் என்னால் மூன்றுதான் முடிந்தது. தினமும் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு செய்தேன். 25 வர ஏழு வாரமானது. இப்போதும் விளையாடப் போகும் முன் இரண்டு காலிலும் செய்கிறேன். வயது முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் காலையில் வெறும் உடம்போடு போய் இளவயது கோச்சின் வேகத்துக்கு ஓடாதீர்கள். பத்து நிமிஷம் வார்ம்-அப், ஆடுசதையில் இறுக்கம் இருந்தால் அன்றைக்கு மேட்ச் வேண்டாம்.

2025 ஜனவரியில் திரும்பப் போனேன். வேறு அரங்குக்குப் போகலாமா என்றும் யோசித்தேன். ஆனால் சொல்லிக் கொடுப்பதில் அந்த கோச்சுக்குக் குறையே இல்லை, எனக்கு பேக்ஹேண்ட் வந்தது அவரால்தான். உட்கார்ந்து பேசினோம். இந்தத் தடவை நான் கணக்கோடு போயிருந்தேன். கடைசியாக அவர் முழுசாக ஆடியபோது நான் எடுத்தது சராசரி மூன்று. அப்படியென்றால் எனக்கு வெளிப்படையாகப் பாயிண்ட் கொடுங்கள், நான் 14-லிருந்து தொடங்குகிறேன், நீங்கள் பூஜ்யத்திலிருந்து முழு மூச்சோடு ஆடுங்கள் என்றேன். ஹேண்டிகேப் வைத்து ஆடுவது இந்த விளையாட்டில் பழைய வழக்கம்தான், விதிப்புத்தகத்தின் பின்னிணைப்பிலேயே அதற்கு இடம் உண்டு. நான் தொடர்ந்து இரண்டு வாரம் ஜெயித்தால் என் தொடக்கம் ஒன்று குறையும். தொடர்ந்து நாலு வாரம் தோற்றால் ஒன்று கூடும். இப்போது அவர் தப்பு விட்டால் அது அவருக்கே நஷ்டம், அதனால் விடுவதில்லை. முதல் வாரம் 14-0-வில் தொடங்கி 18-21 என்று தோற்றேன். அதாவது, நிஜமான ஆட்டத்தில் நிஜமாக நாலு பாயிண்ட். அன்றைக்கு நான் யாருக்கும் இனிப்பு வாங்கவில்லை, ஆனால் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

மூன்று செட்டில் ஒன்றுதான் அப்படி. இன்னொன்று நிபந்தனை போட்டு ஆடுவது. அவர் ஸ்மாஷ் அடிக்கக் கூடாது, அல்லது அவர் எல்லாவற்றையும் என் பேக்ஹேண்ட் மூலைக்குத்தான் போட வேண்டும், அல்லது வேண்டுமென்றே பாதி கோர்ட்டில் குட்டையாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். ஓசூரில் எனக்கு வந்தது அதுதான். இந்த செட்டுக்கு ஸ்கோர் எழுதுவதில்லை. மூன்றாவதில் அவர் வாயைத் திறக்கக் கூடாது. இது அவருக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, இரண்டு வாரம் கையால் வாயைப் பொத்திக்கொண்டே ஆடினார். 11 வந்ததும் நான் ஒரு நிமிஷம் நின்று, எனக்கு நானே ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொள்வேன்: எங்கே பாயிண்ட் போகிறது, அடுத்து எதை மாற்றப் போகிறேன். செட் முடிந்த பிறகு நான் சொன்னது சரியா என்று அவரிடம் கேட்பேன். முதல் மாதம் பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னேன். இப்போது பரவாயில்லை. சர்வில் காலை இழுத்தாலும் கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் தயவு பார்க்காமல் ஃபால்ட், அவுட் சொல்ல வேண்டும் என்பதும் பேச்சு. போட்டிக்கு முந்தைய மூன்று வாரம் இறகு காக். விலை கூடத்தான், அந்தச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் இவ்வளவும் செய்தாலும் கோச்சோடு ஆடுவது மாதத்தில் இரண்டு சனிக்கிழமைக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மற்ற இரண்டு வாரத்துக்கு எதிராளி தேட வேண்டியிருந்தது. கோச்சிடம் தயங்காமல் கேளுங்கள், இது அவர் வேலையில் ஒரு பகுதி. மாலை பேட்ச் ஜூனியர்களோடு என்னை ஆட விட்டார். பதிமூன்று வயதுப் பையன் ஒருவன் என்னை 21-12 என்று ஜெயித்துவிட்டு "தேங்க்ஸ் மிஸ்" என்றான். அப்புறம் பர்கூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பெண். ஆட்டத்தில் ஒரு ஒழுங்கும் இல்லை, ஆனால் எங்கே இடம் காலி என்று கழுகு மாதிரி பார்க்கிறாள். அவளோடு ஒன்பது செட் ஆடி நாலு ஜெயித்திருக்கிறேன். என் நோட்டில் முதல் தடவையாக 21-11 என்று ஒரு வெற்றியும், 9-21 என்று ஒரு தோல்வியும் அடுத்தடுத்த வாரத்தில் இருக்கின்றன. அந்த இரண்டு எண்ணையும் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். காவேரிப்பட்டணத்திலிருந்து இரண்டு டீச்சர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பெண்கள் சேர்ந்துவிட்டால் எங்களுக்கென்று ஒரு கோர்ட் கேட்கலாம்.

போன சனிக்கிழமை மாங்காய் லாரிகளுக்கு நடுவே புகுந்து அரங்குக்குப் போகவே நேரமாகிவிட்டது. ஏழேமுக்காலுக்குத்தான் தொடங்கினோம். நான் 11-லிருந்து. 19-19 வரைக்கும் போனது. அவர் நெட்டுக்கு வைத்த காக் எடுக்கப் போகும்போது, குட்டையாக எழும்பும் என்று கால் தானாகச் சொன்னது, ஓர் எட்டு முன்னால் வைத்துத் தட்டினேன். 20-19. அடுத்த சர்வில் பின்னங்கால் அசையவில்லை. அவர் அடித்தது வெளியே போனது, கோட்டிலிருந்து நாலு விரல். போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய டீ-ஷர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. "அவுட்தான்க்கா. ரெண்டாவது வாரம் ஜெயிச்சிட்டீங்க, இனிமே பத்துலருந்து" என்றார். நோட்டை எடுத்து எழுதினேன்.